உறைபனியே பயிற்சிக்களம்: எமில் ஜாட்டோபெக்கின் வாழ்க்கை

ஓட்டப்பந்தயம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம்தான். ஆனால் கோடும் வட்டமும் இல்லாத ஓட்டம் ஒன்று உண்டு. வயல், தோப்பு, ஓடை, சேறு, மேடு, பள்ளம் என எது எதிரே வந்தாலும் அதன் மேலேயே ஓடிக் கடக்க வேண்டும். அதற்குக் கிராஸ்கண்ட்ரி ஓட்டம் என்று பெயர். ஐரோப்பாவில் அது குளிர்காலத்துக்கு உரிய விளையாட்டு. மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். ஓடும் வழி ஓரிடத்தில் சேறாகவும் அடுத்த இடத்தில் பனிக்கட்டியாகவும் கிடக்கும். ஓடுபவரின் மூச்சு புகையாய் வெளிவரும்.

பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழி மாதத்துப் பனித்துளிதான். செக் நாட்டுப் பனி அப்படிப்பட்டதன்று. புதிதாய் விழுந்த பனியில் கால் கணுக்கால் வரை புதையும். புதைந்த காலை உருவி எடுத்துத்தான் அடுத்த அடியை வைக்க வேண்டும். முழங்காலை உயர்த்தாமல் அங்கே ஓடவே முடியாது. முன்தினம் பெய்து இரவில் இறுகிய பனியோ கண்ணாடிபோல் வழுக்கும். அதில் நீள எட்டு வைத்தால் விழுவது உறுதி. குறு எட்டுகளாகத்தான் ஓட வேண்டும். குளிர்ந்து வறண்ட காற்று தொண்டையை அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரை உடல் சூடாக இருக்கும். நின்றுவிட்டாலோ வியர்வையில் நனைந்த சட்டையே பகையாகிவிடும். இத்தகைய பனியையே தமக்குப் பயிற்சிக்களமாக ஆக்கிக்கொண்டு, உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரராக உயர்ந்தவர்தான் எமில் ஜாட்டோபெக்.

அன்றைய செக்கோஸ்லோவாகியாவில், மொராவியாப் பகுதியைச் சேர்ந்த கொப்ரிவ்னிட்சே என்னும் ஊரில், 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் எமில் பிறந்தார். (அந்த நாடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது. அவருடைய ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது.) தந்தை தச்சுத் தொழிலாளி. பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. மேற்படிப்புக்கு வசதியில்லாததால், பதினாறாம் வயதில் எமில் ஸ்லின் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னால் தோழியர் வியப்படைவீர்கள். அதுதான் பாட்டா! நாம் பள்ளிக்கு அணிந்துவரும் காலணிகளில் எத்தனையோ முறை கண்ட அதே பெயர். டோமாஸ் பாட்டா 1894இல் அதைத் தொடங்கியது அந்த ஸ்லின் நகரத்தில்தான்.

பகலில் தொழிற்சாலை, மாலையில் வகுப்பு, இரவில் விடுதி என்று நாள்கள் கழிந்தன. எமிலுக்கு விளையாட்டில் நாட்டமே இல்லை. நாடு 1939 முதல் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. 1941இல் தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் நான்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்குள் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் ஓடியாக வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களில் எமிலும் ஒருவர். தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். மருத்துவரோ பரிசோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஓடத் தொடங்கியதும் வெல்ல வேண்டும் என்ற ஆசை தமக்குள் எங்கிருந்தோ வந்துவிட்டதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1944இல், 2000, 3000, 5000 மீட்டர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்துவிட்டார்.

போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அக்காலத்து ஓட்டக்காரர்களுள் பலருக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம். மைதானங்களைப் பனி மூடிவிடும், பந்தயங்கள் நின்றுவிடும். வசந்தம் வந்த பிறகு பயிற்சியைத் தொடங்குவார்கள். எமில் அப்படிச் செய்யவில்லை. பனி மூடிய காட்டுக்குள் புகுந்தார். காலில் கனமான ராணுவப் பூட்ஸ். உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்த உடை. பகலில் படைவீரருக்குரிய வேலைகள் இருந்ததால் இருட்டிய பிறகு கையில் டார்ச் விளக்குடன் ஓடினார். ராணுவப் பூட்ஸ் ஏன் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் எளிய விடை இருந்தது. குளிர்காலம் முழுவதும் அந்தப் பாரத்தைச் சுமந்து பனியில் ஓடியவனுக்கு, கோடையில் மெல்லிய ஓட்டக் காலணியை மாட்டியதும் காலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்குமல்லவா? காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை!

அவர் ஓடிய முறையும் புதுமையானது. நீண்ட தூரம் ஓடுபவர்கள் நீண்ட தூரத்தையே மெதுவாக ஓடிப் பழகுவது அன்றைய வழக்கம். எமில் அதை மாற்றினார். மெதுவாக ஓடத்தான் தமக்கு முன்பே தெரியுமே, வேகமாக ஓடுவதைத்தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 200 மீட்டரையோ 400 மீட்டரையோ வேகமாக ஓடுவார், சற்று மெல்ல ஓடி மூச்சை மீட்பார், மறுபடியும் வேகம், மறுபடியும் மெதுவோட்டம். இப்படி ஒரே நாளில் 400 மீட்டரை நாற்பது முறை ஓடுவார். பிற்காலத்தில் அறுபது முறையும் அதற்கு மேலும் ஓடியிருக்கிறார். நம் விளையாட்டு விழாவில் 400 மீட்டரை ஒரே ஒருமுறை ஓடிவிட்டுப் புல்தரையில் சாய்ந்துவிடும் தோழியரைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அவரோ அதை மரவேர்களுக்கும் பனிக்கும் நடுவே, இருட்டில் செய்தார்.

இந்தக் குளிர்காலப் பயிற்சியைப் பற்றிய வேடிக்கைக் கதைகளும் உண்டு. ஒருநாள் துவைக்க வேண்டிய துணி மலைபோல் குவிந்திருந்தது. ஓட்டமும் தவறக்கூடாது, துணியும் வெளுக்க வேண்டும். குளியல் தொட்டியில் நீரையும் சோப்பையும் துணியையும் போட்டு, அதன்மேல் ஏறி நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடினார். வேலையும் முடிந்தது, பயிற்சியும் முடிந்தது. மனைவி டானாவைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிய கதை இதைவிடப் புகழ்பெற்றது. டானாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1946இல் நேச நாட்டுப் படைவீரர்களுக்கான போட்டிகள் பெர்லின் நகரில் நடந்தன. அணிவகுப்பில் ஒவ்வொரு நாட்டுப் பலகைக்குப் பின்னாலும் பெரும் கூட்டம் நடந்து வந்தது. செக்கோஸ்லோவாகியா என்று எழுதிய பலகைக்குப் பின்னால் வந்தவர் ஒரே ஒருவர். அரங்கத்தில் சிரிப்பொலி எழுந்தது. 5000 மீட்டர் ஓட்டம் தொடங்கியது. அந்தத் தனி ஒருவர் மற்றவர்களையெல்லாம் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்து சேர்ந்தார். சிரித்தவர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள்.

1948இல் லண்டன் ஒலிம்பிக். 10,000 மீட்டரில் அவருக்குத் தங்கம் கிடைத்தது. ஓடியவர்களுள் இருவரைத் தவிர மற்ற அனைவரையும் ஒரு முழுச் சுற்று பின்தங்கவைத்தார். 5000 மீட்டர் நடந்த நாளில் கடும் மழை. ஓடுதளம் சேறாகிக் கிடந்தது. பெல்ஜிய வீரர் கஸ்தோன் ரைஃப் வெகுதூரம் முந்திவிட்டார். கடைசிச் சுற்றில் எமில் பாய்ந்தார் பாருங்கள்! சேற்றில் மற்றவர்கள் தளர்ந்தபோது காட்டுவழியில் பழகிய அந்தக் கால்கள் தளரவில்லை. ஆனாலும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் இரண்டாம் இடமே கிடைத்தது. இன்னும் பத்து அடி தூரம் இருந்திருந்தால் வெற்றி யாருக்கு என்று சொல்வது கடினம்.

அவர் ஓடும் காட்சி அழகானதன்று. தலை ஒருபுறம் சாயும். முகம் வேதனையில் கோணும். நாக்கு வெளியே தொங்கும். மூச்சு இரைச்சலாய் வரும். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் அவரைச் செக் நாட்டு ரயில் எஞ்சின் என்று அழைத்தார்கள். அழகாக ஓடியவர்கள் பலர் அவருக்குப் பின்னால் வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அதே 1948இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் டானா, ஈட்டி எறியும் வீராங்கனை. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரே நாளில்! 1951இல் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடினார் எமில். ஒரு மணி நேரத்துக்குள் இருபது கிலோமீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவரே.

அடுத்து 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். எல்லாரும் அறிந்த அந்த வெற்றிக்கு முன்னால் பலர் அறியாத ஒன்று நடந்தது. அணியில் இடம்பெற வேண்டிய ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த் என்ற இளம் வீரரை அரசு தடுத்துவிட்டது. அவருடைய தந்தை அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தார் என்பதே குற்றம். அவர் வராவிட்டால் தாமும் விமானம் ஏறப்போவதில்லை என்று எமில் சொல்லிவிட்டார். ஒரு ராணுவ அதிகாரி அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வது சிறைக்கு வழி கேட்பது போன்றது. அணி புறப்பட்டுப் போய்விட்டது, எமில் போகவில்லை. இறுதியில் அரசு இறங்கி வந்தது. இருவரும் சேர்ந்தே ஹெல்சிங்கிக்குச் சென்றார்கள். என்னைக் கேட்டால், அவர் பெற்ற பதக்கங்கள் எல்லாவற்றையும்விட இதையே முதலில் வைப்பேன்.

ஜூலை 20இல் 10,000 மீட்டர், தங்கம். ஜூலை 24இல் 5000 மீட்டர், தங்கம். அன்றே சற்று நேரத்தில் டானா ஈட்டி எறியப் போனார். கணவர் பெற்ற பதக்கத்தை நல்ல சகுனமாகக் கைப்பையில் எடுத்துக்கொண்டு சென்றவர், ஈட்டியை 50.47 மீட்டர் எறிந்து தாமும் தங்கம் வென்றார். ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு தங்கம்! ஜூலை 27இல் மாரத்தான். எமில் அதற்கு முன்பு வாழ்நாளில் ஒருமுறைகூட மாரத்தான் ஓடியதில்லை. ஆகவே, வெல்லக்கூடியவர் என்று எல்லாரும் நம்பிய இங்கிலாந்து வீரர் ஜிம் பீட்டர்ஸின் பக்கத்திலேயே ஓடினார். இந்த வேகம் சரிதானா என்று அவரிடமே கேட்டார். பீட்டர்ஸ் விளையாட்டாக, வேகம் போதாது என்று சொல்லிவைத்தார். எமில் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிட்டார்! பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் நின்றுபோனார். எமில் 2 மணி 23 நிமிடம் 3 நொடியில் அரங்கத்துக்குள் நுழைந்தபோது அடுத்தவர் இரண்டரை நிமிடம் பின்தங்கியிருந்தார். 5000, 10,000, மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஜூன் 1இல், பிரஸ்ஸல்ஸ் நகரில் 10,000 மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் என்ற பெருமையும் அவருக்கே கிடைத்தது.

இத்தனை பதக்கம் பெற்றவர் ஒலிம்பிக் கிராஸ்கண்ட்ரியில் ஓடியதே இல்லை. அந்த ஓட்டத்தை 1924ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாரிஸின் வெயிலில் 38 பேர் ஓடத் தொடங்கி 15 பேர் மட்டுமே முடித்ததால் இந்த முடிவு. குளிர்கால ஓட்டத்தைக் கொளுத்தும் கோடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எமிலுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. டானாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதால் வந்த வினை என்று சொல்வதுண்டு. இருந்தும் மாரத்தான் ஓடினார், ஆறாவதாக வந்தார். வென்றவர் பிரெஞ்சு வீரர் அலேன் மிமூன். இவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் விடக்கூடாது. உலகின் பெரிய கிராஸ்கண்ட்ரிப் போட்டியில் 1949, 1952, 1954, 1956 என நான்கு முறை முதலிடம் பெற்றவர் அவர். சேற்றிலும் குளிரிலும் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் லண்டனில் ஒருமுறை, ஹெல்சிங்கியில் இருமுறை என மூன்று தடவையும் எமிலுக்குப் பின்னால் வந்து வெள்ளியே பெற்றார். மெல்போர்னில் முதலில் ஓடி முடித்த மிமூன் போய்விடவில்லை. எல்லைக் கோட்டருகே நின்று எமிலுக்காகக் காத்திருந்தார். ஓடி வந்த எமில் களைப்பில் முழங்காலிட்டு விழுந்தார். மிமூன் தங்கம் பெற்ற செய்தியைக் கேட்டதும் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, படைவீரருக்குரிய முறையில் வணக்கம் செலுத்தி, பிறகு அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். தங்கத்தைவிட அந்தத் தழுவலே தமக்குப் பெரிது என்று மிமூன் காலமெல்லாம் சொல்லிவந்தார்.

எமில் கடைசியாக ஓடிய பந்தயம் ஒலிம்பிக் அரங்கில் நடக்கவில்லை. 1958 ஜனவரியில், ஸ்பெயின் நாட்டின் வடகரையில் உள்ள சான் செபாஸ்டியன் நகரில் நடந்த கிராஸ்கண்ட்ரி ஓட்டம் அது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அறுவைச் சிகிச்சை கண்ட உடம்பு. அவருடைய உலக சாதனைகளை இளைஞர்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்த காலம். ஸ்பெயின் ஆட்சியாளருக்கும் செக்கோஸ்லோவாகிய அரசுக்கும் நட்பே கிடையாது; அவர் அங்கே போனதே ஓர் அதிசயம். குளிர்காலத்துப் புல்தரையில் ஓடி, முதலாவதாக வந்தார். கையில் ஒரு நாய்க்குட்டியை ஏந்திக்கொண்டு ஊர் திரும்பினார். அதோடு பந்தயங்களுக்கு விடை கொடுத்துவிட்டார்.

ஓட்டம் நின்றபின் வந்த சோதனைதான் கடுமையானது. 1968இல் அவருடைய நாட்டில் சுதந்திரக் காற்று சிறிது காலம் வீசியது. அதை ஆதரித்த அறிக்கையில் எமிலும் கையெழுத்திட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தபோது, தெருவில் நின்று வெளிப்படையாகக் கண்டித்தார். விளைவு என்ன? கட்சியிலிருந்து நீக்கம், ராணுவத்திலிருந்து நீக்கம். கர்னல் பதவியில் இருந்தவர், ஊர் ஊராகச் சென்று நிலத்தைத் துளையிடும் தொழிலாளர் குழுவில் சேர்ந்து உடலுழைப்பால் பிழைத்தார். சக்கர வண்டியே வீடு. வாரக்கணக்கில் டானாவைப் பிரிந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில், நெருக்குதலைத் தாங்க மாட்டாமல், தாம் முன்பு சொன்னவற்றை மறுத்து அறிக்கையும் கொடுத்தார். அதற்காக நண்பர்கள் சிலர் அவரிடம் வருத்தம் கொண்டார்கள். யுங்விர்த்துக்காக அரசை எதிர்த்து நின்ற அதே மனிதரா என்று படிக்கும் நமக்கும் தோன்றுகிறது. ஆனால் அத்தனை ஆண்டு அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்க்காத நாம் அதற்குத் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. 1990இல் புதிய அரசு அவருடைய மதிப்பை அவருக்குத் திரும்பக் கொடுத்தது.

துன்ப காலத்துக்கு முன்பு, 1966இல், ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் பிராகுக்கு வந்திருந்தார். உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கைகூடாதவர் அவர். விமான நிலையத்தில் வழியனுப்பும்போது எமில் ஒரு சிறு பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். நாட்டை விட்டுப் புறப்பட்டபின் கிளார்க் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஹெல்சிங்கியில் 10,000 மீட்டருக்காக எமில் பெற்ற தங்கப் பதக்கம்.

எமில் ஜாட்டோபெக் 2000ஆம் ஆண்டு நவம்பரில், தம் எழுபத்தெட்டாம் வயதில் பிராகில் காலமானார். தேசிய நாடக அரங்கில் அவருக்கு இறுதி மரியாதை நடந்தது. அவர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள ரோஷ்னோவ் என்ற மலையடிவார ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டானா அவருக்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2020 மார்ச்சில், தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். குளியல் தொட்டியில் துணி துவைத்த கதையைக் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவந்தவர் அவர்தான்.